பூரிம்: கூச்சலும் சிரிப்புமாக ஒரு யூதப் பண்டிகை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்தர் என்ற பெயர் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் சர்வ சாதாரணம். ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு எஸ்தர் ராணி கதையும் தெரிந்திருக்கும். அந்தக் கதையை வைத்து யூதர்கள் ஆண்டுதோறும் ஒரு நாள் முழுக்கக் கூத்தும் கும்மாளமுமாகக் கழிக்கிறார்கள் என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். அந்தப் பண்டிகையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். ஆட்களின் பெயர்களைத் தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

பூரிம் எப்போது வரும்?

எபிரேய நாட்காட்டியில் ஆதார் மாதம் 14ஆம் தேதி. ஆங்கில மாதக் கணக்கில் பிப்ரவரி கடைசிக்கும் மார்ச் கடைசிக்கும் நடுவில் விழும். யூதர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். அதனால் 2026இல் மார்ச் 2 மாலையில் ஆரம்பித்து 3ஆம் தேதி மாலையில் முடிகிறது. 2027இல் மார்ச் 22 மாலை முதல் 23 மாலை வரை.

தேதி ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது?

மாதங்களை நிலாவை வைத்துக் கணக்கிடுவதால். அப்படியே விட்டால் பண்டிகைகள் பருவம் மாறிப் போய்விடும். அதைச் சரிக்கட்ட 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் வரும் அதிக மாசத்துக்கும் இதே வேலைதான். கூட்டுகிற மாதம் ஆதாரே என்பதால் அந்த ஆண்டில் இரண்டு ஆதார் வரும், பூரிம் இரண்டாவதில். ஒரு மாதம் கழித்து, எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்கா வந்துவிடும்.

பௌர்ணமியை ஒட்டி வருகிற பண்டிகை என்பதால் ஹோலியோடு அடிக்கடி சேர்ந்துகொள்ளும். 2025இல் இரண்டும் மார்ச் 14 அன்றே வந்தன. இரண்டுக்கும் ஏதோ பழைய உறவு இருப்பதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், காரணம் நிலா மட்டும்தான்.

எஸ்தர் கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். சுருக்கினால் இதில் உள்ள வேடிக்கை போய்விடும்.

இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆளும் பாரசீக ராஜா அகாஸ்வேரு. (எபிரேய வேதாகமத்தில் இந்தியாவின் பெயர் வருவது எஸ்தர் புத்தகத்தில் மட்டும்தான், அதுவும் முதல் வசனத்திலேயே.) சூசான் நகரத்து அரண்மனையில் 180 நாள் விருந்து வைக்கிறான். அது போதாதென்று இன்னும் 7 நாள். கடைசி நாள் போதை தலைக்கேறி, தன் ராணி வஸ்தியின் அழகை எல்லாரும் பார்க்கட்டும் என்று அவளைச் சபைக்கு அழைக்கிறான். அவள் வர மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான், பதவி போகிறது. இதைப் பார்த்து எல்லார் வீட்டு மனைவிகளும் புருஷன் பேச்சைக் கேட்காமல் போய்விடுவார்களே என்று பயந்துபோய், ஒவ்வொரு ஆணும் தன் வீட்டில் தானே அதிகாரி என்று பேரரசு முழுக்க ஓலை அனுப்புகிறார்கள். அத்தனை பெரிய சாம்ராஜ்யம் சட்டம் போட்டுச் சாதிக்க நினைப்பது இதைத்தான்! புத்தகம் நம்மைச் சிரிக்க வைக்கத்தான் எழுதப்பட்டது என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்த ராணியாகத் தேர்வாகிறவள் எஸ்தர். தாய் தகப்பன் இல்லாத யூதப் பெண், இயற்பெயர் அத்சாள். வளர்த்தவர் அவளுடைய சிற்றப்பன் மகனான மொர்தெகாய். தான் யூதப் பெண் என்பதை அரண்மனையில் சொல்ல வேண்டாம் என்று அவர் எச்சரித்து அனுப்புகிறார். பிறகு ராஜாவைக் கொல்ல இரண்டு காவலாளிகள் திட்டமிடுவது அவர் காதில் விழுகிறது. எஸ்தர் மூலம் ராஜாவுக்குத் தெரிவிக்கிறார். விஷயம் அரசுக் குறிப்பேட்டில் ஏறுகிறது. வெகுமதி கொடுக்கத்தான் எல்லாரும் மறந்துபோகிறார்கள்.

இதற்கிடையில் ஆமான் என்பவன் முதன்மை மந்திரி ஆகிறான். எல்லாரும் அவனை விழுந்து கும்பிட, மொர்தெகாய் மட்டும் கும்பிடுவதில்லை. அந்த ஒருவர் மேல் உள்ள கோபத்தில் அவருடைய இனத்தையே அழிக்கப் புறப்படுகிறான் ஆமான். எந்த நாளில் அழிப்பது என்று சீட்டுப் போட்டுப் பார்க்கிறான், ஆதார் மாதம் 13 என்று விழுகிறது. கஜானாவுக்குப் 10,000 தாலந்து வெள்ளி தருவதாகச் சொல்லி அனுமதி கேட்க, ராஜா எந்த இனம், என்ன குற்றம் என்றுகூடக் கேட்காமல் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான்.

நீதான் ராஜாவிடம் பேச வேண்டும் என்கிறார் மொர்தெகாய். அழைக்காமல் ராஜா முன் போனால் மரண தண்டனை. அவன் பொற்செங்கோலை நீட்டினால்தான் உயிர் பிழைக்கலாம். மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்லிவிட்டு, "நான் செத்தாலும் சாகிறேன்" என்று கிளம்புகிறாள் எஸ்தர். செங்கோல் நீள்கிறது. அவள் உடனே விஷயத்தைச் சொல்வதில்லை. ராஜாவையும் ஆமானையும் விருந்துக்கு அழைக்கிறாள். விருந்தில் கேட்டால், நாளைக்கும் ஒரு விருந்துக்கு வாருங்கள் என்கிறாள்.

அந்த இரவுதான் கதையின் உச்சம். ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. குறிப்பேட்டைப் படிக்கச் சொல்கிறான். மொர்தெகாய் தன் உயிரைக் காப்பாற்றிய பக்கம் வருகிறது. இவருக்கு என்ன செய்தோம் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, மொர்தெகாயைத் தூக்கில் போட அனுமதி கேட்க ஆமான் வந்து நிற்கிறான். "ராஜா கௌரவிக்க விரும்பும் மனுஷனுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறான் ராஜா. என்னைத் தவிர வேறு யார் என்று நினைத்துக்கொண்டு, ராஜ உடை, ராஜாவின் குதிரை, நகர வீதியில் ஊர்வலம் என்று அடுக்குகிறான் ஆமான். சரி, இதையெல்லாம் மொர்தெகாய்க்குச் செய் என்கிறான் ராஜா. குதிரைக்கு முன்னால் கூவிக்கொண்டு போக வேண்டியவனும் ஆமானே.

இரண்டாம் விருந்தில் எஸ்தர் உண்மையை உடைக்கிறாள். மொர்தெகாய்க்காக ஆமான் நட்டு வைத்திருந்த 50 முழத் தூக்குமரத்தில் ஆமானே தொங்குகிறான். ஆனால் ராஜ முத்திரை இட்ட கட்டளையைத் திரும்பப் பெற முடியாது. அதனால் யூதர்கள் ஆயுதம் எடுத்துத் தற்காத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கட்டளை போகிறது. 13ஆம் தேதி சண்டை, 14ஆம் தேதி ஓய்வு, விருந்து, சந்தோஷம். அந்த ஓய்வு நாள்தான் பூரிம்.

பூரிம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஆமான் போட்ட சீட்டிலிருந்து. "பூர் என்னப்பட்ட சீட்டு" என்று புத்தகமே விளக்குகிறது. இது எபிரேயத்தில் பிறந்த சொல் அல்ல, பழைய மெசபடோமியச் சொல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பாபிலோனியத் தொகுப்பில் களிமண் பகடைக் கட்டை ஒன்று இருக்கிறது. ஓர் அங்குலத்துக்குச் சற்றே பெரியது, பக்கங்களில் ஆப்பு வடிவ எழுத்து. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசீரியாவை ஆண்ட மூன்றாம் சல்மனேசரின் உயர் அதிகாரி இயாகாலி என்பவருடையது. அதில் இதே சொல் இருக்கிறது. அசீரியாவில் ஆண்டுகளுக்கு அதிகாரிகளின் பெயரைத்தான் வைப்பார்கள், யார் பெயர் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தன் சீட்டு விழுந்த ஆண்டில் விளைச்சல் செழிக்கட்டும் என்று இயாகாலி வேண்டிக்கொள்கிறார்.

இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?

அகாஸ்வேரு என்பது கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட முதலாம் செர்க்செஸ் என்பதே பொதுவான கருத்து. சூசான் நகரமும் உண்மை. தென்மேற்கு ஈரானில் ஷுஷ் என்ற ஊரில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. அரண்மனைப் பழக்கவழக்கங்களும் பாரசீகச் சொற்களும் புத்தகத்தில் ஓரளவு சரியாகவே வருகின்றன.

ஆனால் எஸ்தர் என்ற ராணியைப் பற்றிப் பாரசீகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் செர்க்செஸின் மனைவி பெயரை அமெஸ்திரிஸ் என்கிறார். மொர்தெகாய், எஸ்தர் என்ற பெயர்கள் பாபிலோனியக் கடவுளரான மர்துக், இஷ்தார் பெயர்களை நினைவூட்டுகின்றன. அதை வைத்து, ஏதோ பழைய பாபிலோனியத் திருவிழாதான் யூதப் பண்டிகையாக மாறியது என்று வாதாடியவர்கள் உண்டு. அந்தத் திருவிழா எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை வரலாற்றுப் பின்னணியில் எழுதிய ஒரு கதை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருந்துவதாகத் தெரிகிறது. இவ்வளவு கச்சிதமாக எல்லாமே தலைகீழாகப் புரள்வது கதைசொல்லியின் கைவேலை. மரபில் உறுதியானவர்களுக்கோ இது நடந்த சம்பவமேதான்.

பண்டிகை பழையது என்பதில் சந்தேகமில்லை. கிறிஸ்துவுக்கு முந்தைய யூத நூலான மக்கபேயர் இரண்டாம் நூலில் "மொர்தெகாயின் நாள்" என்று ஒரு குறிப்பு வருகிறது. ஆக, கிறிஸ்துவுக்கு முன்பே இதைக் கொண்டாடியிருக்கிறார்கள்.

புத்தகத்தில் கடவுளின் பெயரே இல்லையாமே?

ஆமாம், எபிரேய மூலத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. பஸ்கா கதையில் கடல் பிளக்கும், வானத்திலிருந்து கல்மழை விழும். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. ராஜாவுக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். கடவுள் மறைந்திருந்து நடத்தினார் என்பது ரபிகளின் (யூத மத குருக்களின்) விளக்கம். கிரேக்க மொழிபெயர்ப்பைச் செய்தவர்களுக்கு இந்த மௌனம் பொறுக்கவில்லை போலும். மொர்தெகாயும் எஸ்தரும் செய்யும் நீண்ட ஜெபங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. கத்தோலிக்க பைபிளில் இந்தச் சேர்க்கைகள் உண்டு, புராட்டஸ்டன்ட் பைபிளில் இல்லை. இரண்டு வீட்டாரும் எஸ்தர் கதையைப் பேசிக்கொள்ளும்போது குழப்பம் வந்தால் இதுதான் காரணம்.

அன்று கட்டாயம் செய்ய வேண்டியவை என்ன?

நான்கு. எஸ்தர் சுருளை இரவில் ஒரு முறையும் பகலில் ஒரு முறையும் கேட்க வேண்டும். ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் கொடுத்தனுப்ப வேண்டும். ஏழைகள் இரண்டு பேருக்காவது தானம் தர வேண்டும். பகலில் விருந்து சாப்பிட வேண்டும். இவை எஸ்தர் புத்தகம் 9ஆம் அதிகாரத்தில் இருந்தே எடுத்தவை.

இதில் வெளியே அதிகம் தெரிவது கூச்சலும் வேஷமும்தான். என்னைக் கேட்டால் பண்டிகையின் உயிர் மூன்றாவதில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ், விருந்துக்கும் பலகாரத்துக்கும் செய்யும் செலவைவிட ஏழைக்குக் கொடுப்பதை அதிகமாக்கு என்று சட்ட நூலிலேயே எழுதிவைத்தார். அன்று கை நீட்டுகிறவரிடம் நீ யார், உண்மையிலேயே ஏழைதானா என்று விசாரிக்கக் கூடாது என்பதும் விதி. பணத்தை முன்கூட்டியே ஒரு நம்பகமான ஆளிடம் கொடுத்துவிட்டு, பூரிம் அன்றே அது ஏழை கைக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்பவர்களும் உண்டு. வாங்கியவர் அதில் அன்றைய விருந்தைச் சாப்பிட முடிய வேண்டுமே! தானம் வாங்கிப் பிழைப்பவரும் தன் பங்குக்கு இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

சுருள் வாசிக்கும்போது ஏன் அப்படிக் கத்துகிறார்கள்?

ஆமானின் பெயரை அழிப்பதற்காக. அவன் ஆகாகியன் என்று புத்தகம் சொல்கிறது. இஸ்ரவேலரின் பழைய பகைவர்களான அமலேக்கியரின் ராஜா பெயர் ஆகாக். அமலேக்கின் பெயரே இல்லாமல் போகட்டும் என்பது தோராவின் (மோசேயின் ஐந்து நூல்களின்) கட்டளை.

நடப்பது இப்படி. தோல் சுருளைக் கடிதம்போல் மடித்து வைத்துக்கொண்டு ஒருவர் ராகத்தோடு வாசிப்பார். புத்தகத்தில் ஆமானின் பெயர் 54 முறை வருகிறது. பெயர் வந்ததோ இல்லையோ, ஜெப ஆலயம் அதிரும். பிள்ளைகள் கையில் கிறுகிறுவென்று சுழற்றும் கிலுகிலுப்பை, பெரியவர்கள் காலால் தரையில் மிதி. செருப்பின் அடியில் ஆமான் பெயரை எழுதிக்கொண்டு வந்து தேய்ப்பதும் உண்டு. வாசிப்பவர் நிறுத்திக் காத்திருந்து, சத்தம் அடங்கியதும் தொடர்வார். ஒரு சொல்கூட விடாமல் கேட்டால்தான் கடமை நிறைவேறும் என்பதால், பின்வரிசையில் பெரியவர்கள் "உஷ்" என்று பிள்ளைகளை அடக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆமானின் பத்து மகன்களின் பெயர்களை மட்டும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

ஆமான் பொம்மையைக் கொளுத்துவதும் பழைய வழக்கம். அது சிலுவையைக் கேலி செய்வதாக இருக்கிறதென்று ரோமப் பேரரசன் இரண்டாம் தியோடோசியஸ் 408இல் சட்டம் போட்டுத் தடுத்தான்.

வேஷம் போடுவது எதற்கு?

எஸ்தர் தன் அடையாளத்தை மறைத்தாள், கடவுளும் மறைந்திருந்தார் என்பார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் பைபிளிலோ, பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதிலோ வேஷம் இல்லை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில்தான் இது பற்றிய பேச்சு வருகிறது. அதே பருவத்தில் தெருவில் நடக்கும் கார்னிவல் முகமூடிகளைப் பார்த்து இவர்களும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் ஐரோப்பிய யூதர்களிடம் எஸ்தர் கதையைக் கேலி நாடகமாக ஆடுவதும் சேர்ந்துகொண்டது. இஸ்ரேலில் இன்று பெரிய ஊர்வலங்களே உண்டு. டெல் அவிவில் முதல் ஊர்வலம் 1912இல் நடந்தது. ராணி எஸ்தராகக் கிளம்பும் சிறுமிகளுக்குச் சமமாக ஸ்பைடர்மேன்களையும் பார்க்கலாம்.

குடித்தே ஆக வேண்டுமா?

"ஆமான் சபிக்கப்பட்டவன்" என்பதற்கும் "மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவர்" என்பதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குடிக்க வேண்டும் என்று தல்மூதில் ஒரு வாக்கு இருக்கிறது. குடிக்க விரும்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு அடுத்த வரியில் ஒரு கதை இருக்கிறது. ரப்பா என்பவரும் ரபி செய்ராவும் சேர்ந்து பூரிம் விருந்து சாப்பிட்டார்கள். போதையில் ரப்பா எழுந்து ரபி செய்ராவை வெட்டிவிட்டார். மறுநாள் தெளிந்ததும் பிரார்த்தனை செய்து உயிர்ப்பித்தார். அடுத்த ஆண்டும் வாருங்கள், சேர்ந்து கொண்டாடலாம் என்று அழைத்தபோது ரபி செய்ரா சொன்ன பதில்: "ஒவ்வொரு முறையும் அற்புதம் நடக்காது."

வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டுத் தூங்கினால் போதும், தூங்குகிறவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாதே என்று பிற்கால அறிஞர்கள் வழி சொல்லிவிட்டார்கள். உடல்நிலை ஒத்துக்கொள்ளாதவர்கள் குடிக்கவே தேவையில்லை.

என்ன சாப்பிடுவார்கள்?

முக்கோணப் பிஸ்கட்தான் பூரிமின் அடையாளம். ஐரோப்பிய யூதர்கள் ஹாமன்டாஷன் என்பார்கள், இஸ்ரேலில் ஆமானின் காதுகள் என்று பெயர். மாவை மெல்லியதாகத் தேய்த்து வட்டமாக வெட்டி, நடுவில் பூரணம் வைத்து, மூன்று பக்கமும் மடித்து முனைகளைக் கிள்ளி விடுவார்கள். நடுவில் பூரணம் தெரியும்படி ஒரு சிறு வாய் திறந்திருக்கும். பேராசைப்பட்டுப் பூரணத்தை அதிகம் வைத்தால் அடுப்பில் முனைகள் பிரிந்து தட்டையாகிவிடும். பழைய பூரணம், பாலிலும் தேனிலும் வேகவைத்து அரைத்த கசகசா. (கசகசாவுக்குத் தடை உள்ள துபாய், சவுதி, சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்பது தெரியும். அங்கெல்லாம் பேரீச்சம்பழம் வைத்துச் செய்துகொள்ளலாம்.)

அரண்மனையில் தங்கள் உணவு விதிகளை மீறாமலிருக்க எஸ்தர் பயறும் பருப்பும் மட்டுமே சாப்பிட்டாள் என்று ஒரு மரபு. அதை நினைத்து, வேகவைத்த கொண்டைக்கடலையில் உப்பும் மிளகும் தூவிச் சாப்பிடும் வழக்கம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் உண்டு. தாளிப்பும் தேங்காயும் இல்லாத சுண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெருசலேமில் மட்டும் மறுநாள் கொண்டாடுகிறார்களே?

சூசானில் சண்டை இரண்டு நாள் நடந்ததால் அங்கே ஓய்வு 15ஆம் தேதிதான். அதனால் யோசுவா காலத்திலேயே மதில் இருந்த நகரங்களில் 15 என்று வைத்தார்கள். நடைமுறையில் இன்று அது ஜெருசலேம்தான். எனவே ஒரே நாட்டில் டெல் அவிவில் ஒரு பூரிம், ஜெருசலேமில் அடுத்த நாள் இன்னொன்று. ஆர்வமுள்ளவர்கள் இரண்டுக்கும் போய்விடுவார்கள்.

அன்று வேலை செய்யலாமா?

சனிக்கிழமை ஓய்வுநாள் போலத் தடை இல்லை. கார் ஓட்டலாம், விளக்குப் போடலாம். முந்தின நாள் எஸ்தரின் உபவாசம், விடியலிலிருந்து இருட்டும் வரை.

75,000 பேர் கொல்லப்பட்டதாக வருகிறதே, அதையா கொண்டாடுகிறார்கள்?

நியாயமான கேள்வி. 9ஆம் அதிகாரத்தில் அந்த எண் வருகிறது. அவர்கள் யூதர்களைத் தாக்க வந்த எதிரிகள், கொள்ளையில் யூதர்கள் கை வைக்கவில்லை என்றும் புத்தகம் சொல்கிறது. பண்டிகை நாளும் சண்டை நாளில் அல்ல, ஓய்வு நாளில்தான் வைக்கப்பட்டது. பெரும்பாலான யூதர்களுக்கு இது, நாடும் படையும் இல்லாத ஒரு சிறுபான்மை காகிதத்தில் கண்ட பழிவாங்கல்.

அதற்காக இந்த அதிகாரம் யாரையும் கெடுத்ததில்லை என்று சொல்ல முடியாது. 1994 பிப்ரவரி 25, பூரிம் நாள். ஹெப்ரோனில் இப்ராஹிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பாலஸ்தீனியர்களை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். ஆமானையும் அமலேக்கையும் கண்முன் உள்ள மனிதர்கள் மேல் ஏற்றிப் பார்ப்பதன் விபரீதம் பற்றி அதன்பிறகு யூதர்களுக்குள்ளேயே நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒன்பதாம் அதிகாரத்தைக் கூச்சல் இல்லாமல் தணிந்த குரலில் வாசிக்கும் சபைகளும் உண்டு.

வேறு ஊர்களில் தனிப் பூரிம் உண்டாமே?

ஆபத்திலிருந்து தப்பிய ஊர்கள் தங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொண்டன. 1524இல் எகிப்தில் கலகம் செய்த ஆளுநர் அகமது பாஷா யூதர்களை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்து, அதற்குள் கொல்லப்பட்டான். அது கெய்ரோ பூரிம். 1614இல் பிராங்க்பர்ட் யூதர் தெருவைச் சூறையாடியவன் வின்சென்ட் ஃபெட்மில்ஹ். 1616இல் அவனுக்கு மரண தண்டனை கொடுத்து, துரத்தப்பட்ட யூதர்களை மேளதாளத்தோடு திரும்ப அழைத்து வந்தார்கள். அங்கே அவன் பெயரிலேயே வின்ட்ஸ் பூரிம் என்று கொண்டாடினார்கள்.

யூத நண்பர் பூரிமுக்கு அழைத்திருக்கிறார். போகலாமா?

தாராளமாக. யூதப் பண்டிகைகளில் வெளியாள் கூச்சமில்லாமல் கலந்துகொள்ளக் கூடியது இதுதான். வேஷம் போட்டுக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள். வாசிப்புக்குப் போவதென்றால் முன்னதாகவே ஜெப ஆலயத்தில் சொல்லிவிடச் சொல்லுங்கள். பாதுகாப்புக் காரணமாகப் பல இடங்களில் பெயர் கேட்பார்கள். வீட்டில் செய்த பலகாரம் வேண்டாம். அவர்கள் உணவு விதி கடுமையானதாக இருக்கலாம், சங்கடப்படுவார்கள். கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது என்ற) முத்திரை உள்ள பாக்கெட்டோ முழுப் பழங்களோ எடுத்துப் போங்கள். வாழ்த்து "ஹக் பூரிம் சமேயாஹ்". கிலுகிலுப்பையை அங்கேயே கொடுப்பார்கள், ஆமான் பெயர் வரும்போது மட்டும் சுழற்றினால் போதும்.